முகவைக்குப் பள்ளி கண்ட ஸ்வார்ட்ஸ் ஐயர்

வையைப் பேர்யாறு மதுரை மாநகரைக் கடந்து கிழக்கு நோக்கி வருங்கால் மெலிந்து மெலிந்து, இறுதியில் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயிலே தன் எஞ்சிய நீரைச் சொரிகின்றது. கடைமடை நாட்டினராகிய சேதுநாட்டார் இக்காரணத்தால் நீரின் அருமையை நன்குணர்ந்தவர். அன்னார் ஓர் ஊரை அமைக்கப் புகின் முதற்கண் ஆராய்வன மூன்று: நீர் எங்கிருந்து வரும்? எங்கே தங்கும்? அதனைக் காப்பவர் யாவர்? வரத்துக்காலும் கரையும் மடையும் ஒருங்கே அமைந்து, குடிமராமத்தும் ஆண்டுதோறும் தவறாது நடைபெற்றாலன்றிக் கண்மாய் நிலைபெறாது. வள்ளல் ஒருவர் மனமுவந்து வெட்டிய குளமாயினும், காப்பாரின்றி விடப்படின் ஒரு தலைமுறைக்குள் தூர்ந்து மேடாய்விடும்.

பள்ளிக்கூடமும் இத்தகையதே என்பது எமது துணிபு. பேரறிவாளன் செல்வத்தை ஊருணி நீருக்கு உவமித்தார் வள்ளுவனார். அறிவுச் செல்வத்தை ஊரார்க்கு வழங்கும் பள்ளிக்கு அவ்வுவமை இன்னும் நன்கு பொருந்தும். கட்டடம் எழுப்புதல் எளிது. அதற்கு நாளும் வற்றாத வரத்து அமைத்தலும், ஊரார் அதனைத் தமதென்று கருதிக் காக்குமாறு செய்தலுமே அரியன. இவ்வுண்மையை இற்றைக்கு இருநூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, முகவையிலும் சிவகங்கையிலும் தஞ்சையிலும் பள்ளி கண்ட ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர்தாம் கிறிஸ்தியான் பிரடெரிக் ஸ்வார்ட்ஸ் ஐயர்.

ஸ்வார்ட்ஸ் ஐயர் 1726ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பிரஷிய நாட்டைச் சேர்ந்த சோனன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்தார். அவ்வம்மையார் இறக்குந் தறுவாயில் தம் மைந்தனை இறைவன் திருப்பணிக்கென ஒப்புக்கொடுத்து, அவன் அவ்வழியிற் செல்ல விரும்பின் தடைசெய்யற்க எனக் கணவரை வேண்டிக்கொண்டனர். பின்னர் ஹாலே பல்கலைக்கழகம் புக்க இளைஞர், ஆண்டுத் தமிழகத்திலிருந்து திரும்பியிருந்த பெஞ்சமின் ஷூல்ட்ஸ் என்பவரைக் கண்டார். தமிழ் வேதாகமத்தை அச்சிடும் முயற்சியில் ஷூல்ட்ஸ் ஈடுபட்டிருந்தமையால், அவர்க்குத் துணைசெய்யும் பொருட்டு இவரும் தமிழ் பயிலத் தொடங்கினார். காவிரியைக் கண்ணாற் காணுமுன்னரே காவிரி நாட்டு மொழி அவர் நாவிற் குடிபுகுந்தது.

1749ஆம் ஆண்டு கோபனேகன் நகரிற் குருப்பட்டம் பெற்று, மறு ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடி சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு அகவை இருபத்துமூன்று. சில திங்களுக்குள் சீகன்பால்கு ஐயர் கட்டிய எருசலேம் ஆலயத்திலே தமிழில் முதற் சொற்பொழிவு ஆற்றினார். அன்று தமிழ் மண்ணில் அடிவைத்தவர் மீண்டும் தம் தாயகத்தை நோக்கினாரல்லர், மணம் புரிந்துகொள்ளவுமில்லை. நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டிலேயே உழைத்து இந்நாட்டிலேயே மறைந்தார். தமிழோடு ஆங்கிலமும் போர்த்துக்கேசியமும் இந்துஸ்தானியும் பாரசீகமும் மராட்டியமும் பயின்று, ஏழைக் குடிசையிலும் அரசவையிலும் இடைநின்று பெயர்த்துரைப்பார் வேண்டாது உரையாடும் ஆற்றல் பெற்றார்.

1762ஆம் ஆண்டு முதற்கொண்டு திருச்சிராப்பள்ளி அவர்தம் உழைப்பிற்குக் களமாயிற்று. பழங்கட்டடம் ஒன்றிலே, கட்டில் இடுவதற்கே போதிய சிற்றறையில் உறைந்து, சோறும் கறியும் உண்டு, பருத்தி அங்கி அணிந்து எளிமையே உருவாய் வாழ்ந்தார். அக்காலத்தே கோட்டையிலிருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டனர். அவர்தம் மக்கள் திக்கற்றவராயினர். அழுதுநின்ற அப்பிள்ளைகளுக்கெனப் பள்ளியொன்று தொடங்கப்பட்டது. 1766ஆம் ஆண்டு கோட்டையினுள் கிறிஸ்து நாதர் ஆலயம் எழுந்தது. ஆலயத்திற்கும் பள்ளிக்கும் பணம் தண்டியவர் தமக்கென ஒன்றும் சேர்த்தாரல்லர் என்பதை நாட்டார் நாள்தோறும் கண்டனர். அவரிடத்து நாட்டார்க்கு நம்பிக்கை தோன்றியது இவ்வாறே. பின்னாளில் அவர் அமைத்த பள்ளிகளுக்கெல்லாம் இந்நம்பிக்கையே முதற் கடைக்காலாயிற்று.

1779ஆம் ஆண்டு சென்னைத் துரைத்தனத்தார் மைசூர் ஹைதர் அலியிடம் தூதனுப்பக் கருதினர். கும்பினியார் விடுக்கும் வேறெவரையும் நம்பாத ஹைதர், தம்மை ஏமாற்றாத அக்கிறிஸ்தவப் பெரியாரே வரவேண்டுமெனக் கூறினராம். சமாதானத்தின் பொருட்டு ஐயரும் இசைந்து சீரங்கப்பட்டணம் சென்று மீண்டார். விடைபெறுங்கால் வழிச்செலவுக்கென ஹைதர் முந்நூறு ரூபாய் கொண்ட பையொன்றை அளித்தார். ஐயர் அதனைத் துரைத்தனத்தாரிடமே ஒப்புவித்தார். அவர்கள் அதனைப் பெற மறுத்து அவரே வைத்துக்கொள்ளுமாறு பணித்தமையால், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கில தருமப்பள்ளி அமைக்க அதனை முதற்பொருளாக்கிக்கொள்ள இசைவு பெற்றார். மாற்றானாய்க் கருதப்பட்ட மன்னர் ஒருவர் ஈந்த பொருள் தமிழ்ப் பிள்ளைகளின் கல்விக்கு வித்தாயிற்று.

தூது பயன்தரவில்லை. 1780ஆம் ஆண்டு போர் மூண்டது. அதன் பின்னே பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டையுள் படைஞரும் மக்களும் உணவின்றி வாடினர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆயின் அதனைக் கொணர வண்டிமாடு ஈவார் ஒருவருமிலர். முன்னர்ப் பலகால் கொடுத்துப் பணம் பெறாது ஏமாந்தமையால் அரசர் சொல்லையும் அதிகாரிகள் சொல்லையும் குடிகள் நம்பவில்லை. ஐயர் தாமே பொறுப்பேற்று ஓலை விடுத்தார். ஓரிரு நாட்களுக்குள் 1,000க்கு மேற்பட்ட எருதுகள் வந்து நின்றன. 80,000 கலம் நெல் கோட்டை சேர்ந்தது. பின்னர் ஒவ்வொருவர்க்கும் உரிய பொருளைத் தம் கையாலேயே எண்ணிக் கொடுத்தார். இதுவன்றி, விலை மலிந்த காலத்திலேயே வருங்கேட்டை முன்னுணர்ந்து நெல் வாங்கிச் சேமித்து வைத்திருந்தமையால், தம் பள்ளிப் பிள்ளைகளையும் பசித்து வந்தோரையும் காத்தார். பசித்த வயிற்றோடு பிள்ளை பாடம் கேளான் என்பதை அவர் நூலிற் கற்றாரல்லர், பஞ்சத்திற் கண்டார்.

போருக்குப் பின்னர் வரிக்கொடுமையால் ஊரைத் துறந்தோடிய உழவர்களை மீட்டழைத்தவரும் அவரே. மன்னர் அழைத்தபோது வாராதவர், இனிக் கொடுமை நேராதென்று ஐயர் உறுதி கூறிய அளவில், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினரென அவர்தம் வரலாறு கூறுகின்றது. குடிகள் ஓடிய ஊரிற் பள்ளி நடவாது. பள்ளியும் உழவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. இதனைக் கண்கூடாகக் கண்ட ஒருவரே பள்ளிகளை நாடளாவத் திட்டமிடும் பணிக்கு அடுத்து அழைக்கப்பட்டார்.

அப்போது தஞ்சையிற் கும்பினியாரின் ரெசிடெண்டாக விளங்கிய ஜான் சல்லிவன் துரை, 1784ஆம் ஆண்டளவில் ஒரு திட்டம் வகுத்தார். நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் ஆங்கிலப் பள்ளி ஒவ்வொன்று அமைத்தல் வேண்டும். அதனால் ஆள்வோரும் ஆளப்படுவோரும், இடைநின்று இருபாலாரையும் வஞ்சிக்கும் துபாஷிகளின் துணையின்றி, ஒருவரையொருவர் அறிந்துகொள்ளலாம் என்பதே அவர் கருத்து. இதனை நடத்தத் தக்கார் ஸ்வார்ட்ஸ் ஐயரே எனக் கண்டு அவரிடம் ஒப்புவித்தார். தஞ்சை மன்னரும், பெரிய மறவர் சீமையாகிய இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னரும், சின்ன மறவர் சீமையாகிய சிவகங்கையை ஆண்டோரும் இத்திட்டத்திற்கு இசைந்தனர். அந்நாளில் முகவையை ஆண்டவர் முத்துராமலிங்க சேதுபதி. பல்லாண்டு சிறையிருந்து 1781ஆம் ஆண்டு மீண்டும் அரசெய்திய இளைஞர் அவர். 1785ஆம் ஆண்டளவில் இராமநாதபுரத்துப் பள்ளி தொடங்கப்பெற்றது.

பள்ளிகளின் அமைப்பை உற்றுநோக்கின், கண்மாய் காப்பார் வினவும் மூன்று வினாக்களுக்கும் அங்கு விடை உளதாதல் காணலாம். அவை தங்குமிடம், சிற்றரசர்தம் தலைநகரங்களே. சுற்றுப்புறத்து மக்கள் வழக்கின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் வந்துசெல்லும் இடங்களாதலின், பள்ளி ஊரின் நடுவே பலரும் அறிய நின்றது. வரத்தோ இருவகையாய் வந்தது. உள்நாட்டு அரசர் உதவியோடு, 1787ஆம் ஆண்டு இலண்டனிலிருந்த கும்பினித் தலைவர்கள் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கைப் பள்ளிகள் மூன்றனுக்கும் தனித்தனியே ஆண்டொன்றுக்கு 250 வராகன் நிலையான மானியமாக வழங்கக் கட்டளையிட்டனர். இத்தகைய பள்ளி வேறெங்கேனும் தோன்றின் அதற்கும் அவ்வாறே ஈதல் வேண்டுமெனவும் பணித்தனர். இந்தியர் கல்விக்கென ஆண்டுக்கு ஓரிலக்கம் ரூபாய் ஒதுக்கிய சாசனச் சட்டம் 1813ஆம் ஆண்டே வந்தது. ஆகவே, அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே, கடைமடைச் சீமையாகிய முகவை கல்வி மானியத்தில் தலைமடையாய் நின்றது. தஞ்சையிலோ துளஜா மன்னர் ஆண்டுக்கு 500 வராகன் வருவாயுள்ள ஊரொன்றைப் பள்ளிக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் என்றென்றைக்குமாக ஒதுக்கினார். ஒருமுறை ஈந்து ஓயும் நன்கொடையினும் ஆண்டுதோறும் விளையும் நிலமே பள்ளிக்கு உறுதியளிக்கும் என்பது இதனால் விளங்கும்.

இனிக் காவல் ஒன்றே எஞ்சியது. ஊரார் பள்ளியைத் தமதென்று கருதினாலன்றி அதற்குக் காவலில்லை. மறவர் சீமைப் பள்ளிகளுக்கு வந்தோரிற் பெரும்பாலார் அந்தணர் மக்களும் வணிகர் மக்களுமே. அவர்தம் சமயம் வேறு. ஆங்கிலமும் தமிழும் இந்துஸ்தானியும் கணக்கும் அங்குக் கற்பிக்கப்பட்டன. கிறிஸ்தவ நெறியின் அடிப்படைகளும் ஓதப்பட்டன. ஆயின் பிள்ளைகளைச் சமயம் மாற்றும் பொருட்டு வஞ்சமான வழி எதனையும் கையாளலாகாது என்பதை ஐயர் உறுதியான நெறியாகக் கொண்டிருந்தார். தம் சமயத்தில் எள்ளளவும் ஐயமிலாத ஒருவர், பிறர் பிள்ளையைத் தம்மிடம் விடுத்த தந்தையின் நம்பிக்கைக்கு ஊறுசெய்யலாகாதென்று எண்ணினார். மிஷன் கல்லூரியிற் பயிலும் யாம் இதனைப் பன்முறை எண்ணிப் பார்த்தல் நன்று. பல சமயத்து மாணவர் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து பயிலும் இவ்வழக்கம் இன்று எமக்கு இயல்பாய்த் தோன்றுகின்றது. ஒருவர் அன்று சொல் தவறாமையாலன்றோ அது வேரூன்றியது!

எனினும், பெரியோர் வரலாற்றை எழுதுவோர் குறைகளை மறைத்தல் அறமன்று. அப்பள்ளிகள் கும்பினியாரின் ஆட்சிக்கு ஆள்சேர்க்கும் கருவியாகவும் பயன்பட்டன என்பதை மறுத்தற்கில்லை. பள்ளிக்கு இசைவளித்த முத்துராமலிங்க சேதுபதியை அதே கும்பினியார் 1795ஆம் ஆண்டு அரசுகவர்ந்து சிறையிட்டனர். அவர் மீண்டும் தம் நாட்டைக் காணாமலே 1809ஆம் ஆண்டு சென்னையில் இறந்தார். சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர் 1801ஆம் ஆண்டு திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். மேலும், உத்தியோகம் நாடும் மேற்குடிப் பிள்ளைகளை முதன்மையாகக் கருதி அமைந்தன அப்பள்ளிகள். வலையெறிந்து கடலில் உழல்வார்க்கும், பனையேறி வாழ்வார்க்கும், உப்பளத்தில் வெயில் காய்வார்க்கும், பெண்மக்கட்கும் அவற்றின் கதவு எளிதில் திறக்கவில்லை. ஐயரும் தம் திருச்சபையில் வெவ்வேறு குலத்தார் வெவ்வேறிடத்தில் அமர்ந்து வழிபடும் வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டார். அவ்வழக்கத்தைக் களையப் பின்வந்தோர் நெடிது போராட வேண்டியதாயிற்று. ஊருணி ஒன்றே, இறங்கும் படித்துறை மட்டும் சிலர்க்கே என்னும் நிலை கல்விக்கும் நேர்ந்தது. ஐயர் தொடங்கியதை நிறைவாக்கும் பொறுப்பு வழிவந்தோரைச் சார்ந்தது.

தமக்குப்பின் பணி தொடர்தற்கு உள்நாட்டாரையே ஆயத்தம் செய்தல் வேண்டுமென்பதை ஐயர் மறந்தாரல்லர். தம்மிடம் பயின்ற சத்தியநாதன் என்னும் தமிழர் 1790ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றுத் திருநெல்வேலிச் சீமையில் உழைத்தார். ஐயரின் மற்றொரு மாணவர் தஞ்சை இளவரசர் சரபோஜி. துளஜா மன்னர் 1787ஆம் ஆண்டு இறக்குங்கால் தாம் தத்தெடுத்த அச்சிறுவரை ஐயரின் பாதுகாப்பில் விடுத்தார். அரண்மனைச் சூழ்ச்சியால் இருட்டறையில் அடைபட்டுக் கல்வியிழந்து வாடிய அவரை மீட்டுச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச்செய்தவர் ஐயரே. சரபோஜி இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். ஐயரையோ தந்தையெனப் போற்றினார். 1798ஆம் ஆண்டு அரியணை ஏறிய அம்மன்னரே சரசுவதி மகாலை உலகறியச் செய்தவர்.

சரபோஜியின் அறப்பணியொன்று சேதுக் கரையோடு தொடர்புடையது. தஞ்சையினின்று இராமேசுவரம் செல்லும் நெடுவழியில் தம் முன்னோர் கட்டிய சத்திரங்களை அவர் போற்றிக் காத்தார். வடநாட்டினின்று கால்நடையாய்ச் சேதுவாட வருவார்க்கு அங்கு உணவு உண்டு. நோயுற்றார்க்கு மருத்துவர் உண்டு. வேதம் ஓதுவிப்பாரோடு, அக்கம்பக்கத்துச் சிறார்க்கு எழுத்தறிவிக்கும் உபாத்தியாயரும் உண்டு. கும்பினியார் கணக்குப் பார்த்து அறச்செலவைக் குறைக்கக் கூடுமென அஞ்சி, இச்சத்திரங்களின் பயனை விளக்கி 1801ஆம் ஆண்டு கடிதமும் எழுதினார். ஒரத்தநாட்டில் முத்தம்பாள் பெயரால் அவர் அமைத்த சத்திரமும் இத்தகையதே. உணவும் மருந்தும் கல்வியும் ஒரு கூரையின் கீழ் அமையின், அக்கட்டடம் நாள் முழுதும் ஊர்க்குப் பயன்படும். பயன்படும் கட்டடத்தை ஊர் கைவிடாது. பஞ்சத்திற் பள்ளியையும் களஞ்சியத்தையும் ஒருங்கே காத்த ஆசிரியரின் நிழலில் வளர்ந்த மாணவர்க்கு இவ்வெண்ணம் இனிது பொருந்தியதில் வியப்பென்னை?

தம் மாணவர் அரியணை ஏறுவதைக் காணும் பேறு ஐயர்க்கு வாய்க்கவில்லை. 1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில், தமக்குத் துணைநின்ற தமிழ் ஊழியரின் கைகளிலே உயிர்நீத்தார். தாம் சேமித்த பொருளையெல்லாம் திருப்பணிக்கும் ஏழைகட்குமே உரிமையாக்கியிருந்தார். சரபோஜி மன்னர் உடலருகே நின்று கண்ணீர் உகுத்தார். இலண்டன் நகரத்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக்கொண்டு வெண்பளிங்கில் ஐயரின் இறுதிக்காட்சியைச் செதுக்குவித்துத் தஞ்சை ஆலயத்தில் நிறுவினார். கல்லறைக்கென ஆங்கிலத்தில் இரங்கற்பாவும் இயற்றினார். இந்து மன்னர் ஒருவர் கிறிஸ்தவக் குரவர்க்கு எடுத்த அந்நினைவுச்சின்னத்தை இன்றும் அங்குக் காணலாம்.

ஐயரின் பெயர் தாங்கிய பள்ளியொன்று இராமநாதபுரத்தில் இன்றும் நடைபெறுகின்றது. இராமேசுவரத்துப் படகுக்காரர் ஒருவரின் மைந்தராய் 1931ஆம் ஆண்டு தோன்றிய அப்துல் கலாம், தீவிலே தொடக்கக்கல்வி முடித்து, பாம்பன் பாலம் கடந்து வந்து, ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப்பள்ளியிலே தங்கிப் பயின்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளிக் கல்லூரியிற் சேர்ந்து, விண்வெளி அறிஞராய்ச் சிறந்து, 2002ஆம் ஆண்டு இந்தியக் குடியரசுத் தலைவரானார். கடலோரத்துப் பிள்ளைக்கு எளிதில் திறவாதிருந்த கதவு, அக்கடலோரத்து முஸ்லிம் சிறுவர் ஒருவர்க்கு அகலத் திறந்தது. தொடங்கியவர் முற்றும் செய்யாததைக் காலமும் வழிவந்தோரும் செய்து முடித்தல் இவ்வாறே.

ஆயின் இக்கரை மற்றொரு பாடத்தையும் எமக்குப் புகட்டுகின்றது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. புகைவண்டி நிலையமும் ஆலயமும் பள்ளியும் கூரையிழந்து, இடிந்த சுவர்களாய் மணலிடை நின்றன. ஊர் வாழ்ந்தால் பள்ளி வாழும். ஊர் அழியின் பள்ளி தனித்து நில்லாது. ஆதலின் இக்கடற்கரையில் பள்ளி அமைப்போர், கடலின் எல்லையையும் காற்றின் வலியையும் குடிநீரின் இருப்பையும் முன்னறிந்து இடம் தெரிதல் வேண்டும். மேட்டுநிலத்தில் உறுதியாய் எழும் பள்ளி, புயல்நாளில் ஊரார்க்குப் புகலிடமாகும்; மழைநாளில் அதன் கூரைநீர் தொட்டி நிரப்பும்; வறட்சிநாளில் அங்குப் பொங்கும் சோறு பிள்ளைகளை ஊர்விட்டுப் போகாமற் காக்கும். படகும் வலையும் அறிந்த பெற்றோர், அப்பள்ளி தம் பிள்ளைக்கு அயலிடம் அன்று எனத் துணிதல் வேண்டும். இவையெல்லாம் ஒருங்கமைந்த பள்ளியே ஊரைத் தாங்கும். அதனை ஊரும் தாங்கும்.

ஸ்வார்ட்ஸ் ஐயர் செல்வராய் வந்தவரல்லர், ஆட்சியதிகாரம் உடையவருமல்லர். சொன்ன சொல் காத்தலும், பெற்ற காசுக்குக் கணக்குக் காட்டலும், வருங்கேடு முன்னறிந்து நெல் சேமித்தலுமே அவர்தம் மூலதனம். எம்முடன் பயிலும் நண்பருட் பலர் நாளை ஆசிரியராவர்; சிலர் அதிகாரிகளாவர். அன்னார் எங்கேனும் ஓர் ஊரில் பள்ளிக்கு அடிக்கல் நாட்டும் நாளில், வரத்து எங்கே, தங்குமிடம் எது, காப்பவர் யாவர் என்னும் கண்மாய்க்காரனின் மூன்று வினாக்களையும் நினைப்பாராக. நான்காவதாக, இப்படித்துறையில் இறங்க இயலாது நிற்பவர் எவரேனும் உளரோ என்பதையும் சுற்றிப் பார்ப்பாராக. முகவை மண்ணில் ஐயர் இட்ட வித்துக்கு நாம் செய்யத்தக்க குடிமராமத்து அதுவேயாம்.